அந்த விரிசலை நான்தான் அழிச்சேன்

[இந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.]

நீங்க இப்போ காமராஜர் சாலை வழியா போற பஸ்ல உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருந்தா ரொம்ப நல்லது. நேப்பியர் பாலம் தாண்டினதும் கடல் பக்கம் பார்க்காதீங்க, வலது பக்கம் பாருங்க. மரங்களுக்குப் பின்னாடி, நாலு மூலையிலயும் கோபுரம், கோபுரத்து மேல வெங்காயம் மாதிரி குவிமாடம், செங்கல் நிறத்துல ஒரு கட்டடம் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தோட செனட் ஹவுஸ். இன்னிக்கு அதைப் பத்தியும், இந்த மாதிரி பழைய கட்டடங்களை ஃபோட்டோ எடுக்கிறதைப் பத்தியும் பேசப் போறேன். நடுவுல நான் பண்ணின ஒரு தப்பையும் சொல்லணும். அது செனட் ஹவுஸ்ல நடந்ததில்ல, வேற ஊர்ல. ஆனா அதுக்கப்புறம்தான் சேப்பாக்கத்துக் கட்டடங்களை நான் வேற மாதிரி எடுக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு சந்தேகம் நிறைய பேருக்கு வரும். விக்டோரியன் கட்டடம்னா லண்டன் பாராளுமன்றம் மாதிரி கூர் கூரா இல்ல இருக்கணும்? இது பாக்குறதுக்கு பாதி மசூதி, பாதி அரண்மனை, பாதி சர்ச் மாதிரி இருக்கே? (மூணு பாதி ஆயிடுச்சு, பரவாயில்ல, கட்டடமும் அப்படித்தான் இருக்கு.) விக்டோரியா ராணி ஆண்டது 1837-லேர்ந்து 1901 வரைக்கும். செனட் ஹவுஸ் கட்ட ஆரம்பிச்சது 1874, முடிஞ்சது 1879. அந்தக் காலத்துக்காரங்க எல்லாப் பாணியையும் எடுத்துக் கலந்து பார்த்தாங்க. பம்பாய்ப் பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட இதே வருஷங்கள்ல, 1878-ல, ராஜாபாய் மணிக்கூண்டு முடிஞ்சது. அதை வரைஞ்ச ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. இங்கிலாந்துல உட்கார்ந்து வரைஞ்சு அனுப்பினார். அதனால அது அசல் கோதிக், வெனிஸ்லயோ லண்டன்லயோ வெச்சாலும் பொருந்தும். நம்ம செனட் ஹவுஸை வரைஞ்ச ராபர்ட் சிஷோம் மெட்ராஸ்லயே இருந்து வேலை பார்த்தவர். நவாபோட சேப்பாக்கம் அரண்மனையைக் கண்ணால பார்த்தவர்.

இது முக்கியம். அந்த அரண்மனை 1768-ல ஆற்காடு நவாபுக்காகக் கட்டினது. சிஷோம் வந்த காலத்துல நவாபோட ஆட்சி முடிஞ்சு, அது அரசாங்கக் கைக்குப் போயாச்சு. அதோட ரெண்டு மஹாலுக்கும் நடுவுல ஒரு கோபுரம் சேர்த்தது சிஷோம்தான். அதுக்கு முன்னாடி, 1870-ல முடிஞ்ச மாநிலக் கல்லூரிக் கட்டடத்தைப் பாருங்க, அதுவும் அவரோடதுதான், ஆனா அதுல இத்தாலி வாடை தூக்கலா இருக்கும். அஞ்சாறு வருஷம் கழிச்சு செனட் ஹவுஸ் வரும்போது பைசண்டைன் இருக்கு, இஸ்லாமிய வளைவு இருக்கு, தூண்களோட தலைப்பகுதியில நம்ம ஊர் கல்தச்சர் கை இருக்கு. ஒரே ஆள், ஒரே தெரு. வாலாஜா சாலைக்கு இந்தப் பக்கம் செனட் ஹவுஸ், அந்தப் பக்கம் அரண்மனை, இன்னும் கொஞ்சம் தள்ளினா மாநிலக் கல்லூரி. அரை மணி நேரம் நடந்தா ஒரு மனுஷன் மனசு மாறினதைக் கண்ணால பார்க்கலாம். இந்த மூணையும் ஒரே காலையில, அதே வரிசையில நடந்து எடுங்க. தனித்தனியா எடுத்தா இது பிடிபடாது.

சரி, கேமராவுக்கு வருவோம்.

எல்லாரும் பண்ற முதல் தப்பு, கட்டடத்துக்குக் கிட்டப் போய் நின்னு, மொபைலை அண்ணாந்து பிடிச்சு எடுக்கிறது. கோபுரம் பின்னாடி சாஞ்சு விழுற மாதிரி வரும். கேமராவை மேல சாய்ச்சாலே செங்குத்துக் கோடுகள் ஒண்ணை நோக்கி ஒண்ணு சாயும், அது லென்ஸோட குறை இல்ல, அது வடிவியல். லைட்ரூம்ல நிமிர்த்தலாம், ஆனா நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், மேல் பாதி இழுபட்டு மங்கும். கேமராவை மட்டமா பிடிச்சு, பின்னாடி போறதுதான் வழி. செனட் ஹவுஸுக்கு ரோட்டைத் தாண்டி மெரினா பக்கம் போயிடுங்க. அங்கேர்ந்து 85, 100, 135 மில்லிமீட்டர்னு கொஞ்சம் நீளமான லென்ஸ். மரம் மறைக்கும், சுற்றுச்சுவர் மறைக்கும், சரியா க்ளிக் பண்ற நொடியில ஒரு மாநகரப் பேருந்து வந்து நிக்கும். ஆனா கோபுரம் நிமிர்ந்து நிக்கும். டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் இருந்தா கிட்டேயே நின்னு எடுக்கலாம். அதோட விலையைச் சொன்னா நீங்க இந்த எபிசோடை நிறுத்திடுவீங்க.

ரெண்டாவது, வெளிச்சம். கிழக்குப் பக்கச் சுவர்னா காலையில சூரியன் நேரா அடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது வடக்குச் சுவர். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் கடைசியில ஒரு நாள், ஆகஸ்ட் மூணாவது வாரத்துல ஒரு நாள், நண்பகல்ல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேல வரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நாட்கள்ல நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிக்கும்! அதே மார்கழியில வடக்குச் சுவருக்கு நாள் முழுக்க ஒரு துளி நேர் வெயில் கிடையாது. அதனால வடக்குப் பக்கத்துச் செதுக்கு வேலையை எடுக்கணும்னா மே, ஜூன் மாசம் காலை ஆறரை மணிக்குப் போங்க. சூரியன் கிழக்குக்கும் கொஞ்சம் வடக்கே தள்ளி உதிக்கும், வெளிச்சம் சுவரை உரசிட்டுப் போகும். அப்படி உரசுற வெளிச்சத்துலதான் தூண்ல இருக்கிற இலை, கொடி எல்லாம் எழுந்து வரும். யூடியூப்ல வெள்ளைக்காரங்க சொல்ற வெளிச்சக் கணக்கை இங்க வெச்சீங்கன்னா ஏமாந்து போவீங்க, அவங்க ஊர்ல நண்பகல் சூரியன் வடக்கே போறதே இல்ல.

ஏசி கார்லேர்ந்து இறங்கினதும் கேமராவை எடுக்காதீங்க, லென்ஸ் வேர்த்துடும். பையிலயே பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் துடைங்க, கடல் காத்துல உப்பு ஒட்டியிருக்கும். அந்த உப்பு உங்க லென்ஸை மட்டும் பதம் பார்க்கல. 140 வருஷத்துக்கு மேலா எதிர்ல நிக்கிற சுவரையும்தான்.

உள்ளே எடுக்கிற வாய்ப்பு கிடைச்சா, அனுமதிக் கடிதத்தோட போங்க. நம்ம காப்புரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தைப் படம் எடுக்கிறது தப்பு இல்ல. அது ஒரு விஷயம். வளாகத்துக்குள்ள நுழையுறது வேற விஷயம். கேட்ல நிக்கிற அண்ணன்கிட்ட சட்டப் பிரிவு பேசி ஒரு புண்ணியமும் இல்ல, எந்தக் கல்லூரியா இருந்தாலும் முன்னாடியே எழுதிக் கேளுங்க. பெரிய ஹால்ல வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தா, வெளியே பளீர், உள்ளே இருட்டு. ட்ரைபாட் போட்டு வெவ்வேற வெளிச்ச அளவுல மூணு, அஞ்சு படம் எடுத்து அப்புறம் சேருங்க. ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாதீங்க, தரையில விழுற சிவப்பையும் நீலத்தையும் பார்த்துட்டு கேமரா குழம்பும். செனட் ஹவுஸ் ஹால்ல பட்டமளிப்பு விழா மட்டும் இல்ல, 1937 ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் மெட்ராஸ் சட்டமன்றமே அங்கதான் கூடிச்சு. அப்படிப்பட்ட ஒரு இடத்துல நின்னு "எந்த ஃபில்டர் போடலாம்"னு யோசிச்சிருக்கேன் நான். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

இப்போ அந்தத் தப்பு.

சில வருஷங்களுக்கு முன்னாடி. தெற்கே ஒரு ஊர்ல ஒரு பழைய கல்லூரி. பேர் வேணாம். செனட் ஹவுஸ் காலத்துக் கட்டடம்தான், செங்கல், சுண்ணாம்பு, உயரமான வளைவுகள், மாடியில ஒரு நீள ஹால், அதுலதான் பசங்க பரீட்சை எழுதுவாங்க. ஆண்டு விழா மலர் போடுறாங்க, அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் படம் வேணும்னு கூப்பிட்டாங்க. எனக்கு அது நல்ல காசு. மூணு நாள் தங்கி எடுத்தேன்.

ரெண்டாவது நாள் அங்க இருந்த வாட்ச்மேன், அறுபது வயசு இருக்கும், என் கூடவே வந்தார். மேற்குப் பக்க மூலைக்கு வந்ததும் கையைக் காட்டி, "தம்பி, அந்தக் கைப்பிடிச் சுவருக்குக் கீழ பாருங்க, ஜன்னல் வளைவு வரைக்கும் வெடிச்சிருக்கு. போன மழைக்கு அப்புறம் பெருசாயிடுச்சு. அதையும் ஒரு படம் எடுங்களேன்"னு சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வேணாம் அண்ணே, மலருக்கு நல்லா இருக்காது." அவர் சிரிச்சுட்டு விட்டுட்டார். அவருக்கு மலர் பத்தி என்ன கவலை.

ஆனா அந்த மூலையை எடுக்காம இருக்க முடியல. அட்டைப் படத்துக்கு அந்தக் கோணம்தான் அழகு. எடுத்தேன். ராத்திரி லாட்ஜ்ல உட்கார்ந்து எடிட் பண்ணேன். முதல்ல கேபிளை அழிச்சேன். அப்புறம் ஏசி டப்பா. அப்புறம் மழைக் கறை. கைப்பிடிச் சுவர் இடுக்குல ஒரு அரசங்கன்று முளைச்சிருந்தது, அதையும் எடுத்தேன். கடைசியா விரிசல். ஹீலிங் பிரஷ்ல பக்கத்துச் செங்கலை எடுத்து மேல பூசினா அஞ்சு நிமிஷம். அவ்வளவு சுத்தமா வந்துச்சு. நான் எனக்கே ஷொட்டு கொடுத்துக்கிட்டேன். மலர் வந்தது, எல்லாருக்கும் பிடிச்சது, எனக்கு இன்னும் ரெண்டு கல்லூரி வேலை கிடைச்சது. கொஞ்ச நாள் கழிச்சு ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சது. முடிஞ்ச வேலைதானேன்னு ரா ஃபைல் எல்லாத்தையும் டெலீட் பண்ணேன். முடிச்சுக் கொடுத்த ஜேபெக் மட்டும் வெச்சிருந்தேன்.

மூணு வருஷம் கழிச்சு ஒரு போன். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியர், ஒரு மேடம். மலர்ல என் பேரைப் பார்த்து நம்பர் வாங்கியிருக்காங்க. "தம்பி, அந்த மேற்கு மூலையில ஒரு பெரிய விரிசல் இருக்கு. நீங்க எடுத்த படத்துல அது இல்லவே இல்ல. அப்போ இது மூணு வருஷத்துக்குள்ள வந்ததுன்னு நாங்க எடுத்துக்கலாமா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரல. ஏன் கேக்குறாங்கன்னு அப்புறம்தான் விளக்கினாங்க. ஒரு விரிசல் அம்பது வருஷமா அதே அளவுல இருக்குன்னா, கட்டடம் எப்பவோ ஒரு தடவை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்னுடுச்சுன்னு அர்த்தம். சுண்ணாம்புச் சாந்து வெச்சு அடைச்சா போதும். அதே விரிசல் புதுசா வந்து வளர்ந்துட்டு இருக்குன்னா, அடியில ஏதோ நகருது, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கணும், ஹாலை மூடணும், செலவு எங்கேயோ போயிடும். ரெண்டும் பார்க்கிறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வயசுதான் வித்தியாசம். அந்த வயசை என் படம் சொல்லியிருக்கும்.

"மேடம், விரிசல் அப்பவே இருந்தது. நான்தான் அழிச்சேன்"னு சொன்னேன்.

"சரி. ஒரிஜினல் இருக்கா?"

"இல்ல மேடம்."

அவங்க திட்டல. திட்டியிருந்தா பரவாயில்லன்னு தோணுச்சு. "எவ்வளவு அகலம் இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? அழிக்கிறதுல இருந்தேன், பார்க்கல. வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னேன். "அவர் சொன்னது உபயோகம்தான், ஆனா அதை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது தம்பி"ன்னாங்க.

அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி வெச்சாங்க. சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையும். பழைய முறை, ஆனா நம்பகமானது. ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் முழுசாப் பார்த்தாதான் முடிவு சொல்ல முடியும். அது வரைக்கும் ஹாலைப் பூட்டிட்டாங்க. அந்த வருஷம் பசங்க தகரக் கூரை போட்ட ஷெட்ல ஏப்ரல் மாசப் பரீட்சை எழுதினாங்க. அந்த ஊர் ஏப்ரல் வெயில் எனக்குத் தெரியும்.

கண்ணாடி உடையல. விரிசல் பழசுதான். சுண்ணாம்பு வெச்சு அடைச்சுட்டாங்க, ஹால் திரும்பத் திறந்தாச்சு. ஒரு வருஷம் வீணாப் போனதுக்குக் காரணம், அஞ்சு நிமிஷ ஹீலிங் பிரஷ்.

இதை நான் மட்டும்தான் பண்ணேன்னு நினைச்சு ரொம்ப நாள் புழுங்கிட்டு இருந்தேன். அப்புறம் லின்னேயஸ் ட்ரைப் பத்திப் படிச்சேன். 1856-ல மெட்ராஸ் அரசாங்கம் ஒரு ராணுவ கேப்டனை அதிகாரப்பூர்வ ஃபோட்டோகிராஃபரா நியமிச்சது, அவர்தான். மாட்டு வண்டியில பெட்டி பெட்டியா சாமான் ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய் எடுத்தார். மெழுகு தடவின காகிதம்தான் அவரோட நெகட்டிவ். அந்தக் காலத்து நெகட்டிவ்லேர்ந்து அச்சு எடுத்தா வானம் பெரும்பாலும் வெள்ளைத் தாள் மாதிரி வரும். அது அவருக்குப் பிடிக்கல. நெகட்டிவ் மேல பிரஷ் வெச்சு மேகம் வரைஞ்சார்! மரத்துக்கு இலை சேர்த்தார். 160 வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஃபோட்டோஷாப். நாம பார்த்து வியக்கிற அந்தப் படங்கள்ல இருக்கிற சில மேகங்கள் தஞ்சாவூர் மேல வந்த மேகமே இல்ல.

ஆனா அதே மனுஷன் 1858-ல பெரிய கோயில்ல இன்னொரு வேலையும் செஞ்சார். அடிப்பீடத்துல ஓடுற கல்வெட்டை, ஒவ்வொரு துண்டா நகர்ந்து நகர்ந்து, 21 படமா எடுத்து ஒட்டினார். விரிச்சா கிட்டத்தட்ட 19 அடி நீளம். அதுல மேகம் இல்ல, அழகுக்கோணம் இல்ல. எழுத்து படிக்கிற மாதிரி தெரியணும், அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துல செலவு அதிகம்னு அந்த வேலையையே அரசாங்கம் மூடிடுச்சு. (ஃபோட்டோகிராஃபருக்குக் காசு கொடுக்கிற விஷயத்துல அன்னிக்கும் இன்னிக்கும் பெரிய மாற்றம் இல்ல.) எனக்கு அந்த 21 படமும் ரொம்ப ஆறுதலா இருந்துச்சு. மேகம் வரைஞ்ச கைதான் அதையும் எடுத்திருக்கு. ரெண்டையும் ஒரே ஆள் பண்ணலாம், ரெண்டையும் குழப்பிக்காம இருந்தா சரி.

இப்போ நான் அப்படித்தான் பண்றேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ரெண்டு செட். ஒண்ணு பொண்ணு பார்க்கக் கொடுக்கிற ஃபோட்டோ மாதிரி, அதுல வெளிச்சம், வானம், எடிட் எல்லாம் உண்டு. இன்னொண்ணு எக்ஸ்ரே மாதிரி. எக்ஸ்ரேல யாரும் அழகு பார்க்க மாட்டாங்க. மேகமூட்டமான நாள்ல எடுப்பேன், நவம்பர் மாசம் அதுக்குன்னே இருக்கு, நிழல் விழாது. சுவருக்கு நேரா நின்னு, பக்கவாட்டுல ரெண்டு ரெண்டு அடி நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தின படத்தோட பாதிக்கு மேல பொருந்துற மாதிரி. பின்னாடி யாராவது கம்ப்யூட்டர்ல முப்பரிமாணமா சேர்க்கணும்னா அந்தப் பொருத்தம் வேணும். ஒரு அடி ஸ்கேல் கூடவே வெச்சு எடுப்பேன், இல்லன்னா விரிசல் ரெண்டு மில்லிமீட்டரா, ரெண்டு சென்டிமீட்டரான்னு பின்னாடி பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. முன்பக்கத்தை எல்லாரும் எடுத்திருப்பாங்க. நான் பின்பக்கம், மழைத்தண்ணிக் குழாய், தூணுக்கு அடியில உப்பு பூத்த இடம், தரை ஓடு, கதவுக் கீல், படிக்கட்டோட அடிப்பக்கம் எல்லாம் எடுக்கிறேன். சிமென்ட் வெச்சு ஒட்டுப் போட்ட இடம் இருந்தா கட்டாயம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளேயே பூட்டி வைக்கும், அப்புறம் பக்கத்துல இருக்கிற பழைய செங்கல்தான் உதிரும்.

இதுக்கு என்ன அவசரம்னு கேட்டா, திரும்ப சேப்பாக்கத்துக்கு வாங்க. 2012 ஜனவரி 16, பொங்கல் லீவு, விடியறதுக்கு முன்னாடி. சிஷோம் கோபுரம் சேர்த்த அந்த அரண்மனையோட கலச மஹால் எரிஞ்சுது. மரச் சட்டங்கள் பிடிச்சு, மேல்தளம் உள்ளேயே விழுந்துச்சு. தீயணைக்க உள்ளே போன வீரர் ஒருத்தர் உயிரோட திரும்பல. அந்த மஹாலுக்கு 240 வருஷத்துக்கு மேல வயசு. பிறகு பல வருஷம் வேலை பார்த்து அதைத் திரும்ப எழுப்பினாங்க. நான் அந்த வாரம் என் டிஸ்க்கைத் தேடிப் பார்த்தேன். சேப்பாக்கம் அரண்மனை படம் என்கிட்ட 40 இருந்துச்சு. எல்லாமே வெளியேர்ந்து. எல்லாமே அஸ்தமன வானத்தோட. ஒரு சட்டம் எவ்வளவு தடிமன், ஒரு வளைவு எங்க ஆரம்பிக்குது, ஒண்ணும் தெரியாது அதுல.

அப்போவே எனக்கு உறைச்சிருக்கணும். கல்லூரி விஷயம் அதுக்கு அப்புறம்தான் நடந்தது. சில பேருக்குப் பாடம் ரெண்டு தடவை எடுக்கணும் போல.

மொபைல்ல எடுக்கிறவங்களுக்கு மூணு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உங்க போன் உங்களைக் கேக்காமலே எடிட் பண்ணும். விரிசலை அழிக்காது, ஆனா பூச்சோட சொரசொரப்பை வழவழன்னு ஆக்கிடும். ப்ரோ மோட்ல ரா இருந்தா அதுல எடுங்க. அப்புறம், வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பினா படம் சுருங்கும், எடுத்த தேதி எல்லாம் கழண்டு போகும். டாக்குமென்டா அனுப்புங்க. இன்னொண்ணு, திரும்பப் போனா அதே இடத்துல நிக்கணும். அதுக்கு ஜிபிஎஸ் பத்தாது. ரெண்டு பொருளை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி வெச்சுக்கோங்க. உதாரணமா, முன்னாடி இருக்கிற விளக்குக் கம்பத்தோட விளிம்பும், பின்னாடி கோபுர ஜன்னலோட இடது ஓரமும் ஒரே கோட்டுல வர்ற இடம். அடுத்த வருஷம் போனாலும் அதே கோட்டைப் பிடிச்சா ஒரு அடி கூட மாறாது. கம்பத்தையே பிடுங்கிட்டா? அதான் மூணு ஜோடி குறிச்சு வைக்கணும்.

ட்ரோன் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். பக்கத்துல துறைமுகம், கோட்டை, தலைமைச் செயலகம். வேணாம் நண்பா.

செனட் ஹவுஸ் நல்ல வேளையா ஒரு தடவை காப்பாத்தப்பட்ட கட்டடம். பல்கலைக்கழகம் தொடங்கினது 1857, அதோட 150-ஆவது ஆண்டை ஒட்டி பெரிய அளவுல புனரமைப்பு நடந்துச்சு. வண்ணக் கண்ணாடி, சுவர் வேலைப்பாடு எல்லாத்துக்கும் உயிர் வந்துச்சு. இந்த மாதிரி வேலை நடக்கும்போது பழைய படம் ஒண்ணு கிடைச்சா, உடைஞ்சு போன ஒரு கண்ணாடி என்ன நிறம், விழுந்து போன ஒரு பூ வேலை எத்தனை இதழ்னு ஊகிக்க வேண்டியதில்ல. அந்தக் காலத்துப் படம் கறுப்பு வெள்ளைதான், நிறம் நேராச் சொல்லாது, ஆனா எது அடர்த்தி எது வெளுப்புன்னாவது சொல்லும்.

பழைய படம்னா ஸ்டுடியோ போஸ்ட்கார்டு மட்டும் இல்ல. இதுதான் இன்னிக்கு உங்ககிட்ட நான் கேட்க வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கினவங்க உங்க வீட்டுல யாராவது இருப்பாங்க. தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை. கறுப்பு அங்கி, கையில சுருட்டின காகிதம், முகத்துல சிரிப்பே இல்லாம ஒரு படம். ஸ்டுடியோவுல எடுத்ததா இருந்தா பின்னாடி திரைச்சீலைதான் இருக்கும், விடுங்க. ஆனா சில பேர் விழா முடிஞ்சு வெளியே வந்து அங்கேயே நின்னு எடுத்திருப்பாங்க. அந்தப் படத்தை எடுத்துப் பாருங்க. ஆளைப் பார்க்காதீங்க, அவங்க சாஞ்சு நிக்கிற தூணைப் பாருங்க.

என் நண்பர் ஒருத்தர் அப்படி ஒண்ணு அனுப்பினார். அவரோட அத்தை, 1960-கள்ல எடுத்தது. அத்தையோட தோளுக்கு மேல தூணோட தலைப்பகுதி செதுக்கு வேலை, அவ்வளவு தெளிவா இருக்கு. யாரோ ஒரு உறவுக்காரர் பாக்ஸ் கேமரால எடுத்தது. அவருக்கு அந்தத் தூண் மேல ஒரு அக்கறையும் இருந்திருக்காது. எதையும் அழிக்கத் தெரியாது அவருக்கு, அதான்.

கிடைச்சா, ஆல்பத்துலேர்ந்து பிய்க்காதீங்க, பழைய பசை படத்தையும் சேர்த்துப் பிய்ச்சுடும். ஆல்பத்தோடவே ஸ்கேனர்ல வெச்சு 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணுங்க. பின்பக்கம் தேதி எழுதியிருந்தா அதையும். கறை இருந்தா இருக்கட்டும், தொடாதீங்க. ஷோ நோட்ஸ்ல மெயில் முகவரி இருக்கு, படத்துல இருக்கிறவங்க சம்மதிச்சா அனுப்புங்க. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அந்த அத்தை படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, அந்தத் தூண் எதுன்னு தேடப் போறேன். கடிதம் கொடுத்தாச்சு.